மிச்ச மருந்து

கல்யாணத்துக்குக் களை கேட்டு ஒருத்தி வந்து நிற்பாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. டிராக்டரை நிறுத்திவிட்டு சக்கரத்தில் ஒட்டின சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுத்தக்காரன் மகள் அவளைக் கூட்டி வந்தாள். வெள்ளைக் கால்சட்டை, அகலமான தொப்பி, கையில் கத்தரி. கல்யாண வீடுகளுக்குப் பூவும் மேஜையும் ஜோடிக்கிற தொழிலாம். வயலில் இறங்குகிறவள் வெள்ளை உடுத்தி வந்தால் அவள் தொழிலை நான் எப்படி நம்புவது?

சுத்தக்காரன் என்பது பட்டப்பெயர். அவன் வயலில் பயிர் இருக்கும், மண் இருக்கும், மூன்றாவதாக ஒன்று இருக்காது. வாய்க்கால் ஓரம், நடு மதகைத் தாண்டி அவன் எல்லைக் கல் வரைக்கும், மழித்த கன்னம் மாதிரி வழுவழு என்றிருக்கும். எல்லை தாண்டினால் அடுத்தவன் தாடி ஆரம்பிக்கும். அந்தத் தாடிக்காக அவன் சண்டை பிடிக்காத ஆள் சுற்றுவட்டத்தில் கிடையாது. அவன் வயலை ரொம்ப காலமாக நான்தான் உழுகிறேன். அவன் பெண்டாட்டியைத் தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால் அவன் எனக்கு மச்சான்.

அந்த வருஷம் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய முடியாது, நிமிர முடியாது, படுக்கையே கதி. அவன் படுத்த நேரத்தில் வாய்க்கால் ஓரம் எழுந்துகொண்டது. மஞ்சளாகக் காட்டுக்கடுகு, வெள்ளையாகப் பார்த்தீனியம், ஊதாப் பூ வைத்த முள்ளுச்செடி, நடுநடுவே குஞ்சம் கட்டின புல். ஆள் இடுப்பு உயரத்துக்கு நின்று காற்றில் ஆடியது.

அப்பன் படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டுத்தான் மகள் நகரத்திலிருந்து வந்தாள். அதற்கு முன்னால் ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஒரு பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். "ஆளுங்கள ஏத்தி இறக்குறதெல்லாம் ஒரு பொழப்பா? ஒரு முழம் மண்ணு உண்டா அவனுக்கு?" என்றான் இவன். இடுப்பு பிடித்ததில் வாய் கொஞ்சம் தளர்ந்து, சரி பண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டான். மனசு தளர்ந்ததா என்பது வேறு விஷயம்.

மகள் அந்த வாய்க்கால் ஓரத்தைக் கண்டதும் கல்யாணம் இங்கேதான் என்றுவிட்டாள்.

அலங்காரக்காரி நடந்து நடந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள், விரலால் போட்டோச் சட்டம் பிடித்துப் பார்த்தாள். தங்கச்சி பின்னாலேயே ஓடினாள்.

"இந்த மஞ்சளும் ஊதாவும் மேஜைக்கு. சின்னச் சின்ன கண்ணாடிப் புட்டியில வெச்சிடலாம். இந்த வெள்ளை ரொம்ப அழகா இருக்கு."

"ஐயோ, அதத் தொடாதம்மா! கை தடிச்சிப் போயிடும்."

"தெரியும்மா." அவள் பையிலிருந்து கையுறை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இது சாப்பிடற இடத்துக்கு வேண்டாம். எட்ட நிக்கட்டும். போட்டோவுல பின்னாடி மட்டும் வரும்."

"போட்டோவுல களை வரணுமா?" தங்கச்சி என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. டவுன்ல மண்டபம் இருக்கு. தங்கக் கலர் நாற்காலி, சிவப்புக் கம்பளம், கூரையிலருந்து தொங்குற கண்ணாடி விளக்கு. துணிப் பூவே என்னமா வெச்சிருக்கான். வாடவே வாடாது."

"அம்மா, வெங்காயச் சாக்கப் பிரிச்சி மேஜை விரிப்பா போடலாமாம்," என்றாள் மகள்.

"வந்தவங்க முழங்கையெல்லாம் தோல் ஒட்டுமேடி!"

"உதறிட்டுப் போடலாம்மா."

"பழைய பெட்டி ஏதாவது இருக்குமா?" என்று அலங்காரக்காரி கேட்டாள். "தக்காளி அடுக்குற மரப்பெட்டி? ஆணி துருப்பிடிச்சிருந்தா இன்னும் நல்லது."

"துருப்பிடிச்சதுதான் வேணும்னா இந்த வீட்டுல எங்க ரெண்டு பேர் எலும்பே இருக்கு," என்றாள் தங்கச்சி.

சுத்தக்காரன் கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"என் ஓரம் இப்படிக் கிடக்குதேன்னு நானே வெளிய தலை காட்டாம இருக்கேன். நீ அங்க நாற்காலி போட்டு, ஊரைக் கூட்டி வந்து காட்டப் போறியா? எவன் வீட்டுக் கல்யாணமாவது களையில நடந்திருக்கா? இடுப்பு நிமிரட்டும். ஒரே ஒரு டேங்க் மருந்து. முடிஞ்சுது உன் பூவும் புட்டியும்."

மகள் சத்தம் போடவில்லை. அப்பன் கோபப்பட்டால் கத்துவான், இவள் கோபப்பட்டால் குரல் இறங்கும். "அடிச்சிப் பாருங்கப்பா," என்றாள். "அப்புறம் நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

அலங்காரக்காரி கத்தரியை மூடிப் பையில் போட்டாள். "செய்யுங்க, என்னத்தையாவது செய்யுங்க," என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான். சொன்னது சம்மதமா சலிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கு அவர்களை டிரெய்லரில் ஏற்றி பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். மகள் மட்கார்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

"ஏம்மா, அப்பனுக்குப் பிடிக்காதத எதுக்கு இழுத்து வெச்சிக்கிற? மண்டபத்துல முடிச்சிட்டுப் போயேன்."

"மாமா, எங்க இடத்துல நான் ஒரு பூப் பறிச்சதில்ல, தெரியுமா? மொட்டு வைக்கிறதுக்குள்ள அப்பா அடிச்சிடுவாரு. இந்த வருஷந்தான் பாக்கறேன். இதெல்லாம் நம்ம மண்ணுக்குள்ளதான் இருந்திருக்கு." வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அவர் தினமும் நடக்குற ஓரம் மாமா அது. அங்க நின்னு கல்யாணம் பண்ணிக்கிறேன்னா அவருக்குப் புரியும்னு நெனச்சேன்."

"அவனுக்கா?" என்றேன்.

இடுப்பு நிமிர்ந்தது. நிமிர்ந்த கையோடு அவன் வேலைக்கு இறங்கினான். மேட்டு வயலில் நடவுக்கு முன்னால் கோரையைச் சாகடிக்க வேண்டும். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு காலையில் போனான். நான் கீழ் வயலில் மண் சமன் பண்ணிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறின பிறகு திரும்பிப் பார்த்தால், ஆள் வாய்க்கால் ஓரத்தில் நடக்கிறான். ஒரு கை பம்ப் அடிக்கிறது, ஒரு கை குழாயை இடமும் வலமும் வீசுகிறது. பூக்கள் மேல் புகை மாதிரி மருந்து இறங்குகிறது.

கத்தினேன். டிராக்டர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இறங்கி ஓடினேன். என் ஓட்டம் என்ன ஓட்டம். நான் போய்ச் சேர்வதற்குள் அவன் டேங்கைக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் உதறிக்கொண்டிருந்தான்.

இதை விளக்கிவிடுகிறேன். தண்ணீரில் கலந்த மருந்தை மறுபடி பாட்டிலில் ஊற்ற முடியாது. டேங்கில் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். பயிரில் விட்டால் பயிர் போகும், வாய்க்காலில் விட்டால் மீன் மிதக்கும். அதனால் வேலை முடிந்து மிஞ்சுவதை வாய்க்கால் ஓரத்துக் களைமேல் அடித்துத் தீர்ப்பார்கள். காலம் பூரா அவன் செய்கிற காரியம் அது. அடித்து முடித்தால்தான் அவனுக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரி.

"மச்சான்," என்றான். மூக்கு நுனியில் வேர்வை தொங்கியது. "என்ன பண்ணிட்டேன் நான்?"

"அது இப்பத்தான் தெரியுதா?"

"சத்தியமா மச்சான். மிச்சம் இருந்துச்சு. கால் தானா இங்க வந்துடுச்சு."

"வாயால சொன்னத கையால முடிச்சிட்ட."

"நீயே இப்படிப் பேசினா அவ என்ன பேசுவா?"

"அவ பேசவே மாட்டா. அதான சொன்னா."

பம்பு ரூமிலிருந்து வாளிகளை எடுத்து வந்தோம். வாய்க்காலில் மொண்டு மொண்டு செடிமேல் ஊற்றினோம். இடுப்பு பிடித்து எழுந்தவனும் முட்டி தேய்ந்த கிழவனும் களைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அழகை யாரும் பார்க்கவில்லை, அதுவரைக்கும் நல்லது. ஊற்ற ஊற்ற இலை பளபளத்தது. ஆனால் வெயிலில் அடித்த மருந்தை இலை உடனே குடித்துவிடும்.

"மழை வந்தா கழுவிடும்," என்று வானத்தைப் பார்த்தான். வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. மருந்து அடித்த அன்றைக்கு மழையை எதிர்பார்த்த விவசாயியை நான் அதுவரை கண்டதில்லை.

"அவகிட்ட இன்னைக்கே சொல்லிடு."

"நம்புவாளா?"

"நானே நம்பல," என்றேன்.

அதிலிருந்து அவன் ஒரு இடத்தில் தங்கவில்லை. அவித்த உருளைக்கிழங்கும் வதக்கின வெங்காயமும் தட்டில் ஆறிக் கிடக்கும், இவன் பாதியில் எழுந்து ஓரத்துக்குப் போவான். குனிந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்ப்பான். வருவான். தேநீர்க் குவளையைத் தொடுவான். மறுபடி போவான்.

"மூலம் வந்தவர் மாதிரி உக்காரவே மாட்டேங்கிறாரு, அண்ணே," என்று தங்கச்சி புலம்பினாள். "கல்யாணம் அவளுக்கா இவருக்கா?"

இந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உடனே காட்டாது. செடி நன்றாகத்தான் நிற்கும், பூ இன்னும் ரெண்டு கூடப் பூக்கும், வேர் மட்டும் உள்ளே செத்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மகளும் அலங்காரக்காரியும் மறுபடி வந்தார்கள். வெட்ட வேண்டிய கொத்துகளில் ரிப்பன் கட்டினார்கள். சிவப்பு ரிப்பன் மேஜைக்கு, நீல ரிப்பன் மாலைக்கு, இந்த வளைவில் மணப்பெண் நிற்பாள், அந்த வளைவில் விளக்குச் சரம் வரும் என்று ஒரே சிரிப்பு. எது உயரம், எது குட்டை, எது சீக்கிரம் உதிரும் என்று இரண்டு பேரும் வாதாடினார்கள். ஊதாவை நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா என்று பெரிய வழக்கு நடந்தது.

"அப்பா, நீங்க சொல்லுங்க. நடுவுலயா, ஓரத்துலயா?"

அவனுடைய களையைப் பற்றி அவனிடமே கேட்கிறாள். "நடுவுல," என்றான்.

மகள் அவன் கையில் ஒரு ரிப்பனைக் கொடுத்தாள். "நீங்க ஒண்ணு கட்டுங்க." அவன் கட்டினான். கட்டின முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான். நான் இருமினேன், செருமினேன், கண்ணைக் காட்டினேன். கல் மாதிரி நின்றான். சொல்ல அதைவிட நல்ல நேரம் அவனுக்கு வாய்த்திருக்காது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தங்கச்சியின் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. போனேன். ஓரம் பூராவும் பழுத்திருந்தது. நுனி கருகி, தண்டு துவண்டு, பூ தலை தொங்கி, அதில் சிவப்பும் நீலமுமாக ரிப்பன்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

மகள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். கூட அந்த லிஃப்ட் பையன், இரண்டு கையாலும் விளக்குச் சரப் பெட்டியைத் தாங்கிக்கொண்டு. "வெயில் ஜாஸ்தியோ?" என்றான். நல்ல பையன்தான் போல. எதையும் யார் தலையிலும் போட விரும்பாதவன்.

"வெயிலுக்கு எல்லை தெரியுமா?" என்றாள் மகள். பழுப்பு சரியாக அவர்கள் எல்லைக் கல்லில் நின்றிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பச்சை. அவள் அப்பனைப் பார்க்கவில்லை. என்னிடம் திரும்பினாள். "மாமா, நீங்க இங்கதான வேலை பாத்தீங்க. என்ன நடந்துச்சு?"

எனக்கு யார்மேலும் சுலபத்தில் நம்பிக்கை வராது. ஆனால் அவன் சாப்பிடாமல் தூங்காமல் அலைந்ததை நாள் தவறாமல் பார்த்தவன் நான். வேஷம் போடுகிறவன் அந்த அளவுக்கு இளைக்க மாட்டான் என்று தோன்றிவிட்டது.

"மிச்ச மருந்தும்மா," என்றேன். "மேட்டு வயலுக்கு அடிச்சிட்டு டேங்கைக் காலி பண்ண வந்தான். எப்பவும் வர்ற இடம். பழக்கத்துல கை தானா போயிடுச்சு. தெரிஞ்சதும் வாளி வாளியா ஊத்தினோம், பிரயோஜனம் இல்ல. உன்கிட்ட சொல்ல பயந்துட்டான்."

அவள் தோள் இறங்கியது. "அவ்வளவுதான?" என்றாள்.

"அவ்வளவுதான்டி," என்று தங்கச்சி பாய்ந்து வந்தாள். "மறதி. மறந்துட்டாரு. எல்லாருக்கும் வர்றதுதான? மண்டபத்துக்காரனுக்கு இப்பவே போன் போடுறேன்."

"இல்ல," என்றான் சுத்தக்காரன்.

எல்லோரும் திரும்பினோம்.

"மச்சான் சொன்னது மதகு வரைக்கும் சரி. மதகுகிட்ட வந்தப்ப ஞாபகம் வந்துச்சு. டேங்குல இன்னும் இருந்துச்சு. நான் நிறுத்தல."

"வாய மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா மனுஷா!" என்று தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. "எங்கிட்ட சத்தியம் பண்ணினியேடா!"

"பாதிக்குப் பண்ணினேன்," என்றான். அப்படி ஒரு பதிலை அவனைத் தவிர வேறு எவனும் சொல்ல மாட்டான்.

"ஏன் நிறுத்தல?" மகள் குரல் இறங்கிவிட்டது.

அவன் கோலால் மண்ணைக் குத்தினான். "படி ஏற மாட்டேன்னியே. அது வந்துச்சு மனசுல. ஒரு வருஷம் நீ ஏறாம இருந்ததும் வந்துச்சு. என்னைய விட உனக்கு இந்தக் களை பெருசான்னு..." எல்லைக் கல்லைப் பார்த்தான். "கை வேகமாயிடுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மகள் நடந்தாள். மதகு வரைக்கும் போனாள், அங்கே நின்றாள், அதைத் தாண்டி எல்லைக் கல் வரைக்கும் போனாள். லிஃப்ட் பையன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னால் ஒரு அடி எடுத்தான், அப்புறம் என்ன நினைத்தானோ, நின்றுவிட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான். தங்கச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மகள் அப்படியே பஸ் ரோட்டுக்கு ஏறிவிடுவாள் என்றுதான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தாள்.

"கல்யாணம் இங்கதான்," என்றாள். "இதே பூதான். கடைப் பூ வேண்டாம், துணிப் பூ வேண்டாம். நீங்க கொண்டு வரணும்."

"எங்கருந்து?" என்றான் அவன்.

"எல்லார் ஓரத்துலயும் இருக்கு. போய்க் கேளுங்க."

"இவரா?" என்றாள் தங்கச்சி. "அடியேய், இந்தக் களைக்காக இவர் திட்டாத ஆள் ஊர்ல உண்டாடி? யாரு தருவா?"

"தெரியும்மா," என்றாள் மகள்.

டிரெய்லரை மாட்டினேன். ஈரச் சாக்கும் அரிவாளும் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். முதலில் கோழிப் பண்ணைக்காரி வீடு. அவள் அதிகம் கேட்கவில்லை. "அறுத்துட்டுப் போங்க, எனக்கு வேலை மிச்சம்," என்றாள். ஆனால் நாங்கள் அறுக்கிற வரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

அடுத்தது தூங்குமூஞ்சி வீடு. அவன் நிலத்தில் பயிர் எது களை எது என்று அவனுக்கே குழப்பம் வரும். அவன் வயலிலிருந்து விதை பறந்து வருகிறது என்று வருஷா வருஷம் சுத்தக்காரன் போய்க் கத்துவான். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவன் எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"என்ன, காலங்காத்தால சண்டையா? நான் இன்னும் முகம் கழுவல."

சுத்தக்காரன் தலைத்துண்டை அவிழ்த்தான். "களை கொஞ்சம் வேணும்."

"என்னது?"

"உன் வயல் களை. கொஞ்சம் வேணும்."

தூங்குமூஞ்சி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "ஏ, அடுப்ப அணைச்சிட்டு வா. வந்து இதக் கேளு." அவன் பெண்டாட்டி ஈரக் கையோடு வந்தாள். "அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க. இவளும் கேக்கட்டும்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். முன்பென்றால் இவ்வளவு நேரத்துக்கு அரிவாள் பறந்திருக்கும்.

"என் பொண்ணு கல்யாணத்துக்குக் களை வேணும்," என்றான் அவன். "என்னோடத நான் மருந்தடிச்சுக் கொன்னுட்டேன். உங்களது நல்லா இருக்கு."

தூங்குமூஞ்சி சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அவன் பெண்டாட்டி அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். "நல்ல செடியா மேற்க இருக்குண்ணே. வாங்க, காட்டுறேன்."

சுத்தக்காரன் வயலில் இறங்கினான். குனிந்து ஒரு கடுகுச் செடியைப் பிடித்து வேரோடு பிடுங்கினான். மண் உதிர அது கையில் வந்தது. அடுத்ததையும் அப்படியே.

"வேரை விடுப்பா," என்றேன். "பூவைத்தான கேட்டா. மேலால அறு."

அறுக்கப் பார்த்தான். அரிவாளைத் தண்டில் வைத்தான். வைத்த கை நகரவில்லை. களையின் வேரை மண்ணில் விட்டுவிட்டு வருவது அவன் கைக்குத் தெரியாத வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை அறுத்தான். அறுத்த கட்டையையே பார்த்தான். அப்புறம் இன்னொன்று. வேர்வை கொட்டியது. நான் ஒரு கட்டு அறுத்துப் போடுகிற நேரத்தில் அவன் ஒரு கைப்பிடி அறுத்தான். முள்ளு கிழித்து விரலெல்லாம் ரத்தம். ஒவ்வொரு கொத்தையும் சாக்கில் படுக்கவைத்துத் தண்ணீர் தெளித்தான். திரும்பும்போது டிராக்டரில் ஏறவில்லை. பூ குலுங்கக் கூடாது என்று டிரெய்லரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தான். "மெதுவா மச்சான், மெதுவா," என்று வழி பூரா என் உயிரை எடுத்தான்.

வீட்டில் அலங்காரக்காரி புட்டிகளை வரிசையாக வைத்திருந்தாள். பெட்டி அடுக்கி, சாக்கு விரித்தாகிவிட்டது. லிஃப்ட் பையன் கம்பத்தில் ஏறி விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தான். கட்டுவதில் ஒரு ஒழுங்கு இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பழுத்த செடியை மகள் அறுத்து ஒதுக்கியிருந்தாள். மதகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மொத்தமும்.

அவள் டிரெய்லர் சக்கரத்தில் ஏறி ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு கொத்தாக எடுத்தாள், முகர்ந்தாள், கீழே கொடுத்தாள். அப்பன் பம்பு அடியில் ரத்தக் கையைக் கழுவப் போனவன், கழுவாமல் நின்றான்.

"பத்தலப்பா," என்றாள். "மஞ்சள் இன்னும் வேணும்."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். என்னிடம் வந்து, "மஞ்சள் யாருகிட்ட நெறைய இருக்கு?" என்றான்.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். போன வருஷம் கல்லெடுத்து அடிக்கப் போனியே, அவன் வீட்டுல."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மட்கார்டில் ஏறி உட்கார்ந்தான்.

"வண்டிய எடு," என்றான்.